எழுதிட்டேன், சார்

15 ஜூன் 1987

ஏழரை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கவுன் வைத்த பை. அது கசங்காமல் இருக்க நான் படும் பாட்டைப் பார்த்து, பால் கேன்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். "வக்கீலாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பதிவு செய்து பத்து மாதம் ஆகிறது. வாய்தா கேட்க எழுந்தால்கூட முன்சீப், "என்னம்மா, சத்தமா" என்கிறார். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை தொண்டையில் மாட்டிக்கொண்ட மீன்முள் மாதிரி இருக்கிறது.

இன்று சீனியருக்கு அரசாணை வந்தது. ஒரு மில் தகராறைத் தீர்க்க மூன்று பேர் கொண்ட சமரச வாரியம். தலைவர், எங்கள் சீனியர் அசன் முகம்மது சார். தொழிலாளர் தரப்பில் யூனியன் செயலாளர் முத்துவீரன். மில் தரப்பில் வக்கீல் காசிராஜன்.

"இருபத்திரண்டு வருசமா ஒரு பக்கம் நின்னு கத்தியாச்சு. இனிமே நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கணும்" என்று சார் சிரித்தார். யூனியன் வழக்குக் கட்டுகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாராம். வாரியத்தில் இருக்கும்வரை எந்தப் பக்கத்து வழக்கும் தொடக்கூடாது என்கிறார். அலமாரி பாதி காலியாகிவிடும்.

பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, கோர்ட்டுல உன் சத்தந்தான் வரமாட்டேங்குது. கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. வாரியத்துக்கு நீயே எழுது."

அதற்குப் பிறகுதான் எந்த மில் என்று படித்தேன். அம்மா வேலை பார்க்கும் மில். ரீலிங் பிரிவில் அறுபத்து மூன்று பெண்கள், வருடக்கணக்காகப் பதிலி ஆட்களாகவே இருக்கிறோம், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி.

சார், எங்க அம்மா இதுல இருக்கா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

16 ஜூன்

இன்றும் சொல்லவில்லை.

21 ஜூன்

கோயிலிலிருந்து வந்ததும் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "கொடி, வாரியத்துல நீதான் எழுதப் போறியாமே, முத்துவீரன் சொன்னாரு."

"ஆமா."

"எல்லாரும் சொல்லுதது எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. எனக்குப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். கோயில் ஞானஸ்நானப் பதிவில் அம்மாவின் பெயர் ஏசம்மாள். மில்லில் அவள் சண்முகத்தாய். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்த சண்முகத்தாய் அத்தை 1973-இல் புருஷனோடு தேவதானத்துக்கு வயல் வேலைக்குப் போனபோது, தன் பித்தளை டோக்கனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மேஸ்திரி, "ஆள் வந்தாப் போதும், பேரு கெடந்துட்டுப் போகுது" என்றாராம். அன்றிலிருந்து பதினான்கு வருடம். பதிலி ஆள் என்றால் தினமும் கேட்டில் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். "சண்முகத்தாய்!" என்றால் அம்மா உள்ளே போவாள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போவேன். "சண்முகத்தாய்க்குச் சோறு" என்று வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். ஒருநாள் மறந்துபோய் "ஏசம்மாவுக்குச் சோறு" என்றேன். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று அம்மா பட்டினி.

2 ஜூலை

முதல் அமர்வு. ஸ்ரீவில்லிபுத்தூர் பயணியர் விடுதி ஹால். அரசாங்கம் மூன்று நாற்காலி கொடுத்திருக்கிறது, ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. சார் அதையே எடுத்துக்கொண்டு, அரசாணை நகலை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார்.

"ஓய் காசிராஜன், பாத்தீரா? கவர்மென்ட் ஆர்டர் இன்னைக்குத்தான் ஒரு ஆளைத் தாங்கிப் பிடிக்குது."

காசிராஜன் சார் சிரிக்கவில்லை. ஆனால் கெட்டவர் மாதிரியும் இல்லை. ஒல்லியான மனிதர், பேசும்போது மேசையைத்தான் பார்க்கிறார். அவர் சொன்னது: வருடத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க மில்லுக்கு மனமிருக்கிறது. ஆனால் ஒருத்தர் டோக்கனில் இன்னொருத்தர் வேலை பார்த்திருந்தால் அது ஆள்மாறாட்டம், அவர்களை ஏற்க முடியாது. அதனால் ஒவ்வொரு பெண்ணும் வாரியத்தின் முன் வந்து பெயர் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும்.

நோட்டு கெட்டி அட்டை போட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்திருக்கிறது. நீல மை நிரப்பினேன். என் கை நடுங்கவில்லை. எழுதும்போது நடுங்குவதில்லை.

9 ஜூலை

வெளியே வேப்பமரத்தடியில் முத்துவீரன் பெண்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "பேரு கேட்டா டோக்கன்ல உள்ள பேரு. அப்பா பேரு கேட்டா டோக்கன்காரியோட அப்பா பேரு. வேற ஒரு வார்த்தை வரப்படாது." இப்படி அடுத்தவர் டோக்கனில் நிற்பவர்கள் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் தெரியும். காசிராஜன் சாருக்கும் தெரிந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் முத்துவீரன் குரலைத் தாழ்த்தினார். "நம்ம புள்ளதான் எழுதுது, பயப்படாதிய" என்றார்.

நான் ஏன் இன்னும் சாரிடம் சொல்லவில்லை? சொன்னால் எழுதும் வேலை போய்விடும். அதற்காகவா? அதற்காகத்தான்.

27 ஜூலை

ஆடிப்பூரத்துக்கு ஊரெல்லாம் கூட்டம். இந்த வாரம் அமர்வு இல்லை. விடுதி வாசலில் வெளியூர்க்காரர்கள் சோறு பொங்குகிறார்கள். சார் வழக்குக் கட்டு இல்லாத அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

6 ஆகஸ்ட்

எழுதித்தான் ஆக வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

நாற்பதாம் எண் வெள்ளத்தாய். டோக்கனில் சுந்தரம்மாள். தைரியசாலி. பேர் சுந்தரம்மாள் என்று சொல்லிச் சத்தியம் செய்தாள்.

"அப்பா பேரு?" என்றார் சார்.

"எந்த அப்பா சார்?"

ஹாலே சிரித்துவிட்டது. காசிராஜன் சார்கூடக் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "செத்துப்போன அப்பாவா, அம்மா ரெண்டாவது கட்டுனவராண்ணு கேட்டேன்" என்று சமாளித்து, டோக்கன்காரியின் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அடுத்து நாற்பத்தொன்று.

அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். தலை நிறைய எண்ணெய். அவள் சாரைப் பார்க்கவில்லை, காசிராஜனைப் பார்க்கவில்லை. என் பேனாவைப் பார்த்தாள்.

"பேரு?"

"ஏசம்மா."

நான் எழுதினேன். 41. ஏசம்மாள். கேட்டதும் கை எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று தெரிந்தது.

முத்துவீரன் பதறினார். "யக்கா, டோக்கன்ல உள்ள பேரு. டோக்கன்ல உள்ள பேரச் சொல்லு."

அம்மா அவரிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். "எம் மவ எழுதுதாய்யா. அவ கையால எழுதுததுல எப்பிடி வேற பேரச் சொல்ல?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முடியவில்லை.

காசிராஜன் சார் மெதுவாகக் கோப்பை மூடினார். "சார், தொண்டை வறளுது. செத்த நேரம் வெளிய போயித் தண்ணி குடிச்சிட்டு வாரேன். வந்த பொறவு இந்தச் சாட்சிய முதல்லருந்து ஆரம்பிச்சிக்கிடலாம்." எழுந்து போனார். தண்ணீர்ப் பானை ஹாலுக்குள்ளேயே, அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது.

சார் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "அவங்க இன்னும் சத்தியம் எடுக்கலம்மா. எடுக்காத வரைக்கும் அது சாட்சியம் இல்ல. அந்தப் பக்கத்த…"

"எழுதிட்டேன், சார்."

"எழுதினது தெரியுது. நான் என்ன சொல்றேன்னா…"

"பக்க நம்பர் போட்ட நோட்டு, சார். எழுதிட்டேன்."

அந்த ஹாலில் என் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் கேட்டது. யாரும் "சத்தமா" என்று சொல்லவில்லை.

காசிராஜன் சார் திரும்பி வந்தார். உதடு காய்ந்துதான் இருந்தது. "எழுதியாச்சா?" என்றார். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப நான் கேட்டுத்தான் ஆகணும்."

சார் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நகந்து உக்காரும்மா" என்றார். மீதியை அவரே எழுதினார். கோழி கிளறின மாதிரி எழுத்து. காசிராஜன் கேட்கக் கேட்க அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சண்முகத்தாய் யார், எந்த ஊர், டோக்கன் எப்போது கைமாறியது, எத்தனை வருடம். ஒளிக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து வந்தோம். வன்னியம்பட்டி தாண்டிய பிறகு அம்மா கேட்டாள். "எம் பேரு எப்பிடி இருந்துச்சு, எழுத்துல?"

7 ஆகஸ்ட்

நல்லாத்தாம்மா இருந்துச்சு என்று சொன்னேன்.

8 ஆகஸ்ட்

சார் ஆபீசில் தனியாக இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"ஏன் சொல்லல?"

நான் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தேன்.

"நானும் கேக்கலையே. இந்த ஊருக்குள்ள மில்லுல யாரும் இல்லாத வீடு எத்தனை இருக்கு? உன் கையெழுத்தத்தான் பாத்தேன். உன்னக் கேக்கணும்னு தோணல." பிறகு, "இனிமே வாரியத்துக்கு வராத. ஆபீசுக்கு வா. டீ குடிச்சியா?" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம்.

20 ஆகஸ்ட்

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அறுபத்து இரண்டு பேர் நிரந்தரம். நாற்பத்தொன்றாம் எண் நீக்கம்.

அடுத்தவர் பெயரில் நின்ற மற்ற பதினொரு பேரும் டோக்கன் பெயரைச் சொன்னதால் தேறிவிட்டார்கள். பன்னிரண்டில் உண்மை சொன்ன ஒருத்தி மட்டும் வெளியே. முத்துவீரன், "அறுபத்து ரெண்டு குடும்பம் வாழுது, ஒண்ணுதான போச்சு" என்று சொன்னாராம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சார் கடைசியாகப் போட்டார் என்று சொன்னார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

மில் கேட்டில் வெடி போட்டார்கள். எங்கள் தெரு வரை கேட்டது. அம்மா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

3 செப்டம்பர்

ஆள்மாறாட்டம் என்று ஒத்துக்கொண்டதால் பதிலி வேலையும் கிடையாது. டோக்கனை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்தது. நானும் கூடப் போகிறேன் என்றேன். "நீ வராத" என்றாள். அவ்வளவுதான். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

கோபப்பட்டிருக்கலாமே. ஏம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்க? நாந்தான செஞ்சேன்? காசிராஜன் சார் வெளிய போனாரு, சார் கிழிக்கச் சொன்னாரு, ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் — அதைக் கிழிச்சா என்ன ஆயிருக்கும்? வானமா இடிஞ்சி விழுந்துரும்? நோட்டு பெருசா எங்கம்மா பெருசா?

எங்கள் வீட்டில் எழுதின தாள் என்று எதுவும் இருந்ததில்லை. என் மார்க் ஷீட்டுகளைத்தான் அம்மா துணியில் சுற்றி வைத்திருந்தாள். எழுதினதை அழிப்பது என்பது எனக்குத் தெரியாத வேலை. படித்தவர்களுக்குத்தான் தெரிகிறது.

19 அக்டோபர்

அம்மா சத்திரப்பட்டிக்குப் போகிறாள். பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை. பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறாள். "அங்க சங்கு கிடையாது, சத்தமே இல்ல. தூக்கம் வருது" என்று சொன்னாள்.

17 ஜனவரி 1988

பொங்கல் லீவு. அம்மா ஒரு சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெட்கப்பட்டாள். "எம் பேரு எழுதச் சொல்லிக்குடு."

அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். சம்பள நாளில் கையெழுத்துப் போடுவதற்காக மில் பெண்கள் சொல்லிக்கொடுத்தது: சண்முகத்தாய். ஏழு எழுத்துகளையும் பூ வரைகிற மாதிரி அழகாக எழுதுவாள். இன்று "ஏ" எழுதினாள். "ச" எழுதினாள். அதற்கு மேல் கை தானாக அடுத்த சுழிக்குப் போய் "ண்" போட்டுவிட்டது. அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடியும் அதுவே வந்தது.

"கைக்கு அந்தப் பேருதான் வருது. விடு" என்று சொல்லி சிலேட்டைக் கழுவி வைத்துவிட்டாள்.

2 மார்ச் 1989

சாரை இன்னொரு வாரியத்துக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைத் தகராறு. ஏற்றுக்கொண்டார். இப்போது யூனியன்காரர்கள் யாரும் ஆபீசுக்கு வருவதில்லை. டீக்கடையில் ஒருவர், "முதலாளிக்கும் சலாம், தொழிலாளிக்கும் சலாம்" என்று அவர் காதில் விழும்படி சொன்னார். சார் திரும்பி, "வ அலைக்கும் சலாம், உக்காருங்க, டீ சொல்லுதேன்" என்றார். அந்த ஆள் எழுந்து போய்விட்டார். சார் இரண்டு டீயையும் தானே குடித்தார்.

நான் தனியாக இரண்டு வழக்கு நடத்துகிறேன். குரல் கொஞ்சம் வருகிறது.

11 நவம்பர் 1990

அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. பதினான்கு வருடப் பஞ்சு. டாக்டர், "எந்த மில்லு?" என்று கேட்டார். மில்லிலேயே வேலை பார்க்கவில்லை என்கிறது காகிதம்.

23 பிப்ரவரி 1992

ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அம்மா பேனாவைப் பிடித்து நிதானமாக எழுதினாள். நர்ஸ் பார்த்துவிட்டு, "பேஷண்ட் பேரு ஏசம்மான்னு இருக்கு. சண்முகத்தாய் யாரு?" என்றாள்.

"அவங்கதான்" என்றேன்.

"ரெண்டு பேரா?"

"ஒரு ஆள்தான்."

6 மார்ச் 1992

அம்மா போய்விட்டாள். காலை பத்தேகாலுக்கு.

8 மார்ச்

நேற்று அடக்கம். மில் பெண்கள் முதல் ஷிப்ட் விட்டு நேராக வந்தார்கள், தலையில் பஞ்சோடு. வெள்ளத்தாய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "யாத்தே சம்முவம், எங்க சம்முவம்" என்று அத்தனை பேரும் அழுதார்கள். குழி மேட்டில் நட்ட சிலுவையில் பெயரைப் பார்த்துவிட்டுப் புதிதாக வந்த ஒரு பெண், "இது யாரு பேருக்கா?" என்று பக்கத்தில் கேட்டாள். வெள்ளத்தாய் அவளுக்கு ரகசியமாகச் சொன்னாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் தேவதானத்துச் சண்முகத்தாய் அத்தை மூச்சிரைக்க நிற்கிறாள். மில் கேட்டுக் கரும்பலகையில் யூனியன்காரர்கள் "சண்முகத்தாய் மறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மாலையோடு அவள் வீட்டுக்கே போய்விட்டார்களாம்.

"ஏட்டி கொடி, நான் களை பிடுங்கிட்டு நிக்கேன், எனக்கே மாலை கொண்டாந்துட்டானுவ. எம் மருமவ வேற ஒப்பாரி வைக்கா. ஏலே, நான்தாம்லே சண்முகத்தாய், இன்னும் சாவலன்னு கத்துதேன், ஒருத்தனும் கேக்கல" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வெள்ளத்தாய்க்கும் வந்தது. எனக்கும். மூன்று பேரும் சிரித்தோம், பிறகு சண்முகத்தாய் அத்தை அந்த மாலையை எடுத்து நீட்டினாள். "அவளுக்குச் சேர வேண்டியது. இத்தன வருசம் எம் பேருல இருந்தா, இனி அவ பேருலயும் அவ கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள்.

இப்போதுதான் அழுகிறேன்.

14 ஜூன் 1993

சார் படுத்த படுக்கை. வலது பக்கம் வரவில்லை. பேச்சு மட்டும் மெல்ல வருகிறது. ஆறு வருடத்தில் மூன்று வாரியம். கடைசி வாரியத்தின் அறிக்கையை இடது கையால் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அவர் மனைவி நூர்னிசா அம்மா கஞ்சி எடுத்து வர உள்ளே போனதும் சொன்னார். "அந்தப் பக்கத்த நான் கிழிச்சிருக்கணும். நீ எழுதிட்டேன்ன. எழுதினது நீ. தலைவர் நான்தான?"

"நான் விட்டிருக்க மாட்டேன், சார்."

"தெரியும். அதனாலதான் கிழிக்கல." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "கிழிச்சா நீ என்னைய விட்டுப் போயிருப்ப. அதுக்கு முந்தி இருபத்திரண்டு வருசத்துல ஒரு ஜூனியரும் நிலைக்கல. அதுவும் ஒரு காரணந்தான், வச்சுக்கயேன்."

இதை என்னிடம் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இருவருமே சொல்லாமல் இருப்பதில் ஒரே மாதிரி.

2 ஜூலை 1993

அசன் முகம்மது சாரை இன்று அடக்கம் செய்தார்கள். பெண்கள் போகக் கூடாது என்பதால் நூர்னிசா அம்மாவோடு வீட்டில் இருந்தேன். முத்துவீரன் போயிருந்தார் என்று கேள்விப்பட்டேன். கடைசிவரை நின்றாராம்.

30 ஏப்ரல் 1996

எனக்கு அரசாணை வந்திருக்கிறது. சமரச வாரியத் தலைவர். வாங்கி ஒருமுறை படித்தேன். யாரிடம் சொல்ல? அம்மாவின் சேலைப் பெட்டியைத் திறந்து, மார்க் ஷீட்டுகள் சுற்றியிருந்த துணியில் அதையும் வைத்துக் கட்டினேன்.

வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

20 ஜூன் 1996

ஸ்ரீவில்லிபுத்தூர் பயணியர் விடுதி, அதே ஹால். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து சாரல் காற்று வந்து காகிதங்களைத் தூக்கியது. அந்தக் குட்டைக் கால் நாற்காலி இன்னும் இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டேன்.

வேறு மில், அதே கோரிக்கை. மில் தரப்பில் காசிராஜன் சார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தொழிலாளர் தரப்பில் ஒரு புது ஆள். எழுத என் ஜூனியர் மாஜிதா. அழகான கையெழுத்து. அவளை வேலைக்கு எடுத்த அன்றே யார் எவர் என்று எல்லாம் கேட்டுவிட்டேன். அவள் வீட்டில் யாரும் எந்த மில்லிலும் இல்லை.

பதினேழாம் எண் பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். நூல் அறுத்து அறுத்து விரல்களில் கோடு விழுந்திருந்தது. கையில் பித்தளை டோக்கன், வேர்வையில் மின்னியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மாஜிதாவின் பேனாவைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாஜிதா, பேனாவ மூடி வைம்மா."

மூடி வைத்தாள்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். டோக்கன மட்டும் மேசையில வைங்க. அதுல உள்ளத நாங்களே பாத்து எழுதிக்கிடுதோம். இந்த வாரியத்துல எல்லாருக்கும் இனிமே அப்படித்தான்." சொல்லிவிட்டுக் காசிராஜன் சாரைப் பார்த்தேன். "உங்க பக்கம் ஆட்சேபணை ஏதும் உண்டா, சார்?"

அவர் வழக்கம்போல மேசையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"இல்ல" என்றார். "நான் தண்ணி குடிக்கப் போக வேண்டாம்னு நினைக்கேன்."

டோக்கனில் இருந்ததை மாஜிதா எழுதினாள். அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். வேப்பமரத்தடியில் காத்திருந்த யாரோ ஒருத்தி அவளை வேறு ஒரு பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டாள். ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மாஜிதா பேனாவோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினெட்டாம் நம்பரக் கூப்பிடு" என்றேன்.

அந்தப் பெயர் இப்போதும் காதில் இருக்கிறது. இங்கேயும் எழுதவில்லை.